முதல் பிசி அசெம்பிள் செய்கிறேன்: கேமும் ஆட வேண்டும், வேலையும் நடக்க வேண்டும். பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்

முதல்முடுக்கி

வணக்கம். இத்தனை காலமும் லேப்டாப்பிலேயே ஓட்டியாயிற்று. இப்போது பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு டெஸ்க்டாப் கட்டப் போகிறேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் அனுபவம் இல்லை.

பகலில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் வேலை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, இரண்டு எமுலேட்டர், டாக்கர், பிரவுசரில் எண்ண முடியாத அளவுக்கு டேப்கள். எப்போதாவது வீடியோ எடிட்டிங். இரவில் கேம், பெரும்பாலும் கதை உள்ள பெரிய கேம்கள். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது: 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ்.

நான் போட்ட பட்டியல்:

ப்ராசசர்: ரைசன் 7 9800எக்ஸ்3டி
கூலர்: 360 மி.மீ. லிக்விட் கூலர்
மதர்போர்டு: எக்ஸ்870இ
ரேம்: டிடிஆர்5 6000, 8 ஜிபி நான்கு குச்சி
கிராபிக்ஸ் கார்டு: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி
எஸ்எஸ்டி: ஜென்5, 1 டிபி
பவர் சப்ளை: 850 வாட், கோல்டு
கேபினட்: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி

மொத்தச் செலவு இதற்கு மேல் நகராது. உள்ளுக்குள்ளேயே ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டலாமா?

வெப்பப்பசை

கூட்டலாமா என்ன, கூட்டியே ஆக வேண்டும். பட்டியல் தலைகீழாக நிற்கிறது. ப்ராசசர், போர்டு, கூலர் மூன்றும் உச்ச ரகம். கேமுக்கு உழைக்கப்போகும் கார்டு மட்டும் கீழ்வரிசை.

9800எக்ஸ்3டி கேமுக்கு அருமையான சிப்தான், அதை மறுக்கவில்லை. சாதாரண 9700எக்ஸில் 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி), இதில் 96 எம்பி. கோர்களுக்கு அடியில் கூடுதலாக 64 எம்பியை ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேஷின் பலன் எப்போது தெரியும்? கார்டு சும்மா உட்கார்ந்துகொண்டு ப்ராசசருக்காகக் காத்திருக்கும்போதுதான். யூடியூபில் நீங்கள் பார்க்கும் ஒப்பீடுகளில் எல்லாம் இருப்பதிலேயே பெரிய கார்டைப் போட்டு, 1080பியில் ஓட்டிக் காட்டுவார்கள். ப்ராசசரை மட்டும் தனியாக அளக்க அதுதான் சரியான முறை. உங்கள் மேஜையில் நடக்கப்போவது அதுவல்ல.

1080பி என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல். 1440பியில் 36.9 லட்சம். இந்தக் கூடுதல் சுமை முழுக்கக் கார்டின் தலையில்தான் விழும், ப்ராசசருக்கு வேலை அப்படியேதான் இருக்கும். 5060 டிஐயை வைத்துக்கொண்டு 1440பியில் பெரிய கேம் ஆடினால் கார்டு முட்டிக்கொண்டு நிற்கும், 9800எக்ஸ்3டி கொட்டாவி விடும்.

9700எக்ஸ், ஒரு நல்ல பி850 போர்டு, ஏர் கூலர். மிச்சமாகும் பணம் மொத்தமும் கார்டுக்கு. 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

கோர்_எட்டு

எல்லாரும் கேமையே பேசுகிறீர்களே, சோறு போடுவது அவருடைய பகல் வேலை ஆயிற்றே. அதை முதலில் பார்ப்போம்.

முதல்முடுக்கி, நீங்கள் லேப்டாப்பிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமாக என்னவெல்லாம் திறந்திருப்பீர்களோ அத்தனையையும் திறந்து, ப்ராஜெக்டை க்ளீன் செய்து முழு பில்ட் ஒன்று ஓட விடுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எங்கே நிற்கின்றன என்று சொல்லுங்கள். மெமரியில் ‘கமிட்டட்’ என்று இரண்டு எண் வரும், அதையும். உங்கள் ஆப்பில் எத்தனை மாட்யூல் என்பதும் வேண்டும். ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில் மாட்யூல்களைப் பிரித்துத்தான் ஒரே நேரத்தில் கட்டும். ஒரே மாட்யூலில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருந்தால் 12 கோர் வாங்கினாலும் பாதி வேடிக்கைதான் பார்க்கும்.

சட்டகம்60

ப்ரோ, கம்பைல் வேலை இருக்கிறது என்றால் இன்டெல் பக்கம் ஏன் பார்க்கவில்லை? கோர் அல்ட்ரா 7 265கே-யில் 20 கோர் இருக்கிறது. வீடியோவை ஹார்டுவேரிலேயே வேகமாகக் கையாளும் குயிக் சிங்க் வேறு. இங்கே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்டி ஏஎம்டி என்கிறார்கள்.

அப்புறம், 8 ஜிபி கார்டு என்றால் ஏதோ குப்பை மாதிரி பேசுவதும் வேண்டாம். டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் முடிந்தது கதை. நான் 8 ஜிபியில்தான் ஆடுகிறேன், ஒரு குறையும் இல்லை.

பழையபோர்டு

265கே நல்ல சிப்தான், கம்பைலுக்கு வேகமும் இருக்கிறது. அந்த 20-இல் 8 பெரிய கோர், 12 சின்னக் கோர் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு இந்த ரைசன்களின் ஏஎம்5 பிடிப்பதற்குக் காரணம் சாக்கெட், அதாவது போர்டில் சிப் உட்காரும் இடம். 2022-இல் வந்தது, 2027 வரைக்கும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. முன்பு ஏஎம்4 போர்டில் முதல் தலைமுறை ரைசனோடு ஆரம்பித்தவர்கள் பலர், பயாஸை (போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்துவிட்டு அதே போர்டில் 5800எக்ஸ்3டி வரை ஏறினார்கள். முதல் முறை கட்டுகிறவருக்கு இது பெரிய சௌகரியம். நாளைக்கு அந்த எக்ஸ்3டி ஆசை மறுபடி வந்தால் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

யாராவது மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சிப்பைத் தலையில் கட்டப் பார்த்தால் கவனம் தம்பி. வோல்டேஜ் எகிறி சிப்பே பழுதாகும் பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடு திருத்தத்தை, அதாவது பயாஸ் வழியாக வரும் சிப்பின் உள் மென்பொருளை, வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரியாக்காது. முந்தைய ஆள் பயாஸைப் புதுப்பித்தாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல்முடுக்கி

கோர்_எட்டு, நீங்கள் சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் 16 ஜிபி ரேம், ஆறு கோர். எமுலேட்டர் இரண்டும் டாக்கரும் திறந்த நிலையில் பில்ட் கொடுத்தால் மெமரி 95 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நிற்கிறது. கமிட்டட் 27/31 என்று காட்டுகிறது. டிஸ்க் 100 சதவீதம். சிபியு மட்டும் 40-ஐச் சுற்றி ஏறி இறங்குகிறது. மவுஸ் கூட நடுநடுவே உறைகிறது. மாட்யூல் ஒன்பது.

கோர்_எட்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் லேப்டாப் மெதுவாக இருப்பதற்குக் கோர் காரணமே இல்லை. 16 ஜிபி ரேம் உள்ள இடத்தில் 27 ஜிபிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது விண்டோஸ். இடம் போதாமல் எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கிறது. அதனால்தான் டிஸ்க் 100, சிபியு 40. பின்னணியில் ஓடும் கிரேடில் டீமன் ஒரு பக்கம், கோட்லின் டீமன் ஒரு பக்கம், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டருக்கு ஆளுக்கு 2 முதல் 4 ஜிபி, டாக்கருக்குப் பின்னால் ஓடும் லினக்ஸ். எல்லாம் சேர்ந்தால் 27 வராமல் என்ன செய்யும்?

ஆக, 8 கோர் தாராளம். ஒன்பது மாட்யூல் என்றால் 8 கோரும் நன்றாகவே நிரம்பும். 12 கோர், 20 கோர் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். 32 ஜிபி கட்டாயம். நீங்கள் இன்றைக்கே 27-இல் நிற்பதால், முடிந்தால் 64.

இன்னொன்று. விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்று ஒரு வசதி 2023-இல் வந்தது. ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் கிரேடில் கேஷையும் அதில் வைத்துப் பாருங்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு சின்ன ஃபைலையும் நிறுத்தி விசாரிப்பது குறையும். காசு செலவில்லாத வேகம்.

பழையபோர்டு

ரேம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த 8 ஜிபி நான்கு குச்சியைப் பட்டியலிலிருந்து உடனே எடுங்கள். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உத்தரவாதம் தரும் வேகம் இரண்டு குச்சி போட்டால் 5600, நான்கு போட்டால் 3600. எழுத்துப் பிழை இல்லை, 3600தான். அதிர்ஷ்டம் இருந்தால் நான்கிலும் அதிகம் ஓடும். இல்லாவிட்டால் பெட்டியில் 6000 என்று அச்சடித்திருப்பதைப் படித்து மகிழலாம், அவ்வளவுதான்.

போதாததற்கு, டிடிஆர்5-இல் 8 ஜிபி குச்சி என்பதே கொஞ்சம் ஊனமானது. அதில் அகலமான சிப் நான்கைத்தான் வைப்பார்கள், உள்ளே டேட்டாவை மாறி மாறித் தரும் பேங்க் குரூப்கள் பாதிதான். ஒரே வேகம் எழுதியிருந்தாலும் 16 ஜிபி குச்சியை விட மந்தம்.

இரண்டு குச்சி கொண்ட கிட். 6000 வேகம், சிஎல்30. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோசெகண்டில் தாமதம் கிடைக்கும். 6000 சிஎல்30 என்றால் 10. அதே 6000-இல் சிஎல்40 என்றால் 13.3. வாங்கும்போது 6000 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது.

முன்பெல்லாம் "இப்போதைக்கு 32 போடு, பிறகு இன்னொரு 32 சேர்த்துக்கொள்" என்று நானே சொல்வேன். ஏஎம்5-இல் அந்த யோசனை செல்லாது, நான்கு குச்சியாகிவிடும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை வேறு ஏறிப்போயிற்று. 64 வேண்டும் என்று தெரிந்தால் 32 ஜிபி இரண்டாக ஒரே கிட்டில் வாங்கிவிடுவதுதான் வழி. கை கடித்தால் 16 இரண்டு.

வெப்பப்பசை

சட்டகம்60-க்குப் பதில் பாக்கி இருக்கிறது.

8 ஜிபியில் ஆட முடியாது என்று யாரும் சொல்லவில்லை. போட்டி கேம்கள் ஆடுகிறவருக்கு அது போதும். இவர் ஆடுவது பெரிய கேம், அதுவும் 1440பியில். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் சராசரி எஃப்பிஎஸ்ஸில் அது சட்டென்று தெரியாது. ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு திருப்பத்தில் திடீரென்று அரை நொடி தடுக்கும். அல்லது கேமே சத்தமில்லாமல் டெக்ஸ்சரைக் குறைத்துவிடும், சுவர் எல்லாம் களிமண் பூசியது போல் தெரியும். எஃப்பிஎஸ் எண் மட்டும் அழகாக இருக்கும். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரமே 6 மில்லிசெகண்ட்தான். மிச்ச டேட்டா பிசிஐஇ (கார்டைப் போர்டோடு இணைக்கும் பாதை) வழியாகச் சிஸ்டம் ரேமிலிருந்து வர வேண்டும் என்றால் அந்த நேரம் எங்கே போதும்? அதிலும் 5060 டிஐக்கு 16 லேன் கிடையாது, 8தான்.

இவர் விஷயத்தில் இன்னும் ஒன்று. இரண்டு எமுலேட்டரும் பிரவுசரும் கார்டின் மெமரியிலும் பங்கு கேட்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் கேம் திறப்பேன் என்று சொல்லும் நல்ல பிள்ளை யாரையும் நான் பார்த்ததில்லை.

என் தேர்வு ஆர்எக்ஸ் 9070. 16 ஜிபி, 220 வாட். ப்ராசசர், போர்டு, கூலர், எஸ்எஸ்டி நான்கிலும் இறங்கி வந்தால் அது எட்டும் என்றே நினைக்கிறேன். எட்டாவிட்டால் 9060 எக்ஸ்டி அல்லது 5060 டிஐ. இரண்டிலும் 16 ஜிபி மாடலை மட்டும். ஒரே பெயரில் 8, 16 இரண்டும் விற்கிறார்கள், பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

சட்டகம்60

சரி, 1440பியில் பெரிய கேம் என்றால் 16 வாங்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். என்விடியாவைத் தள்ளிவிடும் முன் வீடியோவைக் கேளுங்கள். பிளெண்டர் மாதிரி 3டி வேலை உண்டா? கேமரா எது? பிளெண்டரில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் ரெண்டரிங் வேகத்துக்குப் பக்கத்தில் ஏஎம்டி வராது. கேமரா 4:2:2 10-பிட்டில் (நிற விவரம் அதிகம் உள்ள வடிவம்) பதிவு செய்கிறது என்றால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோ இன்டெல்லோ அதை ஹார்டுவேரிலேயே பிரித்துத் தரும். இதெல்லாம் இருந்தால் 5060 டிஐ 16 ஜிபி. இல்லையென்றால் 9070, எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதல்முடுக்கி

பிளெண்டர் தொடுவதில்லை. வீடியோ எல்லாம் போனில் எடுத்ததுதான், எச்.265. ஆப் டெமோக்களுக்காக ஸ்கிரீன் ரெக்கார்டிங் கொஞ்சம். இதில் ஏஐ மாடல் ஓட்டும் எண்ணமும் இல்லை.

சட்டகம்60

அப்போது 9070. முடிந்தது.

மௌனவிசிறி

பவர் சப்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "850 வாட், கோல்டு" என்றால் என்ன அர்த்தம்? எந்த கம்பெனி, எந்த மாடல்?

80 ப்ளஸ் கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று, அவ்வளவுதான். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் 90 சதவீதம் தேறினால் கோல்டு. வோல்டேஜ் எவ்வளவு சுத்தமாக வருகிறது, ஷார்ட் ஆனால் நேரத்தோடு அணைகிறதா, உள்ளே கெப்பாசிட்டர் என்ன தரம் என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. பிரித்துச் சோதித்து எழுதும் தளங்களில் மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வாரண்டி ஆண்டுகளும் ஒரு அடையாளம். பத்து ஆண்டு கொடுக்கிறவன் கணக்குப் போட்டுத்தான் கொடுப்பான்.

அளவும் 850 வேண்டாம். 9070-க்கு 220. 9700எக்ஸ் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் 88 வரை இழுக்கும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 வைத்துக்கொள்ளுங்கள். 370-க்குள் அடங்கிவிட்டது. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இதைவிட எகிறும், அதைத் தாங்கத்தான் ஏடிஎக்ஸ் 3.0, 3.1 விதிகள் வந்தன. தரமான 650 போதும். பிற்காலத்துக்கு யோசித்தால் 750. பெயர் தெரியாத 850-ஐ விட இது எவ்வளவோ மேல்.

மாடுலர் (கேபிளைத் தனியே கழற்றக்கூடிய வகை) வாங்கினால், அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். பவர் சப்ளை பக்கம் உள்ள முனைக்குப் பொதுவான விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். பழைய கேபிள் பொருந்துகிறதே என்று ஒருவர் சொருகி, ஹார்டு டிஸ்க் இரண்டும் அந்த நொடியே செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாசனை வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கேபினட்: கண்ணாடி முகப்பு வேண்டாம், வலை முகப்பு எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. கூலர் உயரமும் கார்டு நீளமும் கேபினட் விவரக்குறிப்பில் மி.மீ.-இல் இருக்கும், வாங்குமுன் ஒப்பிடுங்கள். பெரிய டவர் கூலர்கள் 155, 160 மி.மீ. வரும்.

வெப்பப்பசை

எஸ்எஸ்டிக்கு ஒரு வரி. ஜென்5 வினாடிக்கு 14,000 எம்பி வரை, ஜென்4 7,000 வரை என்பதெல்லாம் ஒரே பெரிய ஃபைலை இழுக்கும்போது மட்டும். கேம் லோடிங்கும் பில்டும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல் வேலை, அங்கே வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வேண்டும். ஜென்4, 2 டிபி, டிஎல்சி வகை. க்யூஎல்சி வேண்டாம், நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துவிடும்.

முதல்முடுக்கி

திருத்திய பட்டியல்: 9700எக்ஸ், டவர் ஏர் கூலர், பி850, ஆர்எக்ஸ் 9070, ஜென்4 2 டிபி, சோதனையில் நல்ல பெயர் வாங்கிய 750 வாட், வலை முகப்பு கேபினட். ரேம் மட்டும் இழுபறி. 64 போட்டால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. 9070-ஐ 9060 எக்ஸ்டி 16 ஜிபியாக இறக்கினால் 64 வரும். அல்லது 32 வைத்து 9070. எது?

போர்டில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கோர்_எட்டு

என்னைக் கேட்டால் 64 + 9060 எக்ஸ்டி. ரேம் போதாவிட்டால் பகலெல்லாம் எரிச்சல்.

வெப்பப்பசை

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 27 என்பது எல்லாவற்றையும் திறந்து வைத்த உச்சம், 32-இல் அடங்கும். 9060 எக்ஸ்டி 1440பியில் இன்றைக்கு ஓடும், இரண்டு வருடம் கழித்து செட்டிங்ஸ் மெனுவிலேயே குடித்தனம் நடத்துவார்.

பழையபோர்டு

மூன்றாவது வழி இருக்கிறது. ப்ராசசரை 9600எக்ஸ் ஆக்குங்கள். ஆறு கோர். கேமில் 9700எக்ஸோடு பெரிய வித்தியாசம் வராது. பில்ட் கொஞ்சம் நீளும், ஆனால் இவர் கோர் போதாமல் கஷ்டப்படவில்லை என்று டாஸ்க் மேனேஜரே சாட்சி சொல்லிவிட்டது. அதில் மிச்சமாவதோடு 750-ஐ 650 ஆக்கினால் 64-ம் 9070-ம் இரண்டும் நெருங்கி வரும். ஏஎம்5 என்பதால் பின்னால் மாற்றச் சுலபமானது ப்ராசசர்தான், ரேம் கிட் இல்லை.

போர்டில்: பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (யூஎஸ்பியிலிருந்து நேரே பயாஸைப் புதுப்பிக்க), எது கோளாறு என்று காட்டும் குட்டி எல்இடி வரிசை, உங்களுக்கு வேண்டிய அளவு யூஎஸ்பி. எம்.2 இடங்கள் எத்தனை என்பதோடு நிறுத்தாமல் மேனுவலைத் தரவிறக்கிப் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 போட்டால் கார்டின் லேன் 8-ஆகக் குறையும், அதைப் பெட்டியில் எழுத மாட்டார்கள். பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கோர்_எட்டு

9600எக்ஸ் யோசனை எனக்குச் சம்மதம்.

வெப்பப்பசை

எனக்கும்.

முதல்முடுக்கி

கணக்குப் போட்டுவிட்டேன், இடிக்காமல் வருகிறது. ஆர்டர் கொடுக்கிறேன். பூட்டும்போது முதல் ஆள் எங்கே தடுமாறுவான்?

மௌனவிசிறி

சாக்கெட்டில். ஏஎம்5-இல் பின்கள் போர்டில் இருக்கின்றன, முடி மாதிரி. சிப்பைத் தங்க முக்கோணம் பார்த்து நேராக வைத்து விடுங்கள், நகர்த்தாதீர்கள். மேலே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கையால் பிடுங்க வேண்டாம், கம்பியை அழுத்தி மூடும்போது தானே தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் கேட்பார்கள். கம்பி அழுத்தும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பயப்பட வேண்டாம்.

ரேம் இரண்டும் சிப்பிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில். இரண்டு பக்கமும் சொடக்கு கேட்க வேண்டும்.

பழையபோர்டு

முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 மெமரி ட்ரெயினிங் நடக்கிறது. 64 ஜிபிக்குச் சில நிமிடம் கூட ஆகும். பாதிப் பேர் இந்த இடத்தில் பதறிப் போய் அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பிப்பார்கள். டீ போட்டுக்கொண்டு வாருங்கள். அதற்கு மேலும் வராவிட்டால் எந்த எல்இடி எரிகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

சட்டகம்60

டிஸ்ப்ளே கேபிளைக் கார்டில் சொருகுங்கள் ப்ரோ, போர்டில் அல்ல. 9600எக்ஸுக்குள் சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் போர்டில் சொருகினாலும் படம் வரும், கேம் மட்டும் நொண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 165 ஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள், பல நேரம் 60-இலேயே நிற்கும்.

கோர்_எட்டு

பயாஸில் எக்ஸ்போவை (ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள், அதுவரை ரேம் 4800-இலோ 5600-இலோதான் ஓடும். ஆன் செய்த பிறகு, விண்டோஸ் போடுவதற்கு முன்பே யூஎஸ்பியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் கிட்டை மாற்றிக் கேளுங்கள், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள்.